அரசரின் அக்குளில் ஓர் ஊக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தையல் மெஷினும் நலம். உன் நலமும், அதைவிட முக்கியமாக உன் வேலையின் நலமும் அறிய ஆவல். இரண்டாம் பாகப் படப்பிடிப்பில் எல்லார் போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்களாமே, அதனால்தான் கடிதம். முதலில் நல்ல சேதி: ஊக்கு தெரியவில்லை. இனியாவது நிம்மதியாகச் சாப்பிடு.

அளவெடுத்தபோது ஒட்டிய வயிறோடு இருந்த உங்கள் அரசர் வேஷக்காரர், போர்க் காட்சி எடுப்பதற்குள் நன்றாகத் தேறிவிட்டதற்கு நானா பொறுப்பு? நான் தைத்த அங்கி அக்குளில் பிரிந்து, நீ அவசரத்துக்கு ஊக்கைக் குத்தி அனுப்பி, "அது மட்டும் படத்துல தெரிஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கப்பா"ன்னு போனில் அழுதாயே, அன்றைக்குப் போன தூக்கம்தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின அரசர் உடம்பில் ஊக்கு! படக் கம்பெனிக்காரர்கள் செய்த விளம்பரம் வேறு போகிற இடமெல்லாம் துரத்தியது. பால் பாக்கெட்டில் அரசர், பஸ்ஸுக்குப் பின்னால் அரசர், உன் சித்தப்பா வாங்கிய பற்பசையில்கூட அரசர். எல்லாவற்றிலும் கையைத் தொங்கப் போட்டிருந்தார், அது ஒன்றுதான் ஆறுதல்.

முதல் பாகம் வந்த அன்றைக்கே தியேட்டருக்குப் போனோம். பெயர் போடும்போதே அம்மா அழ ஆரம்பித்தாள். "இன்னும் கதையே ஆரம்பிக்கலையே"ன்னு கேட்டா, "நம்ம பொண்ணு பேரு வருமில்ல"ன்னாள். உன் பெயர் கடைசியில்தான் வரும் என்று சொல்ல மனசு வரவில்லை. சித்தப்பா ட்ரெய்லரை மனப்பாடம் பண்ணிவிட்டு வந்து, அரசர் வாய் திறக்கும் முன்னே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்வரிசைக்காரர் குதிரை வந்தால்கூட விசில் அடித்தார். நான் பார்த்ததெல்லாம் அக்குளை மட்டும்தான். அரசி செத்தாள், தியேட்டரே தேம்பியது. அரசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதால் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்புறம் வந்ததம்மா அந்தக் காட்சி. மனுஷன் மலை உச்சியில் ஏறி, வாளை உருவி, கையை மேலே தூக்குகிறார். எனக்கு உட்கார முடியலை. கழுத்தை நீட்டிக்கிட்டு எழுந்துட்டேன். பின்வரிசைக்காரருக்கு மறைத்ததோ என்னவோ, அவரும் எழுந்தார். சித்தப்பா அதைப் பார்த்து, தேசத்துக்கு மரியாதைன்னு நினைச்சு, நெஞ்சில் கையை வைத்து நின்றார். அவ்வளவுதான், வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்துட்டாங்க. "ஏன் எழுந்துக்கிறாங்க?"ன்னு ஒரு அம்மா கேட்க, "கேள்வியா கேக்கறீங்க, எழுந்திருங்க முதல்ல"ன்னு யாரோ அதட்டினார். முதலில் உட்கார யாருக்கும் தைரியம் இல்லை. படம் முடிகிற வரை நின்றே பார்த்தோம், முழங்கால் கழண்டு போச்சு. ஆனால் புழுதியும் கொடியும் பறந்ததில் ஊக்கு துளிகூடத் தெரியவில்லை. சந்தோஷத்தில் நானும் அழுதுட்டேன்.

வெளியே ஒரு பெண் மைக்கை நீட்டி, "ஐயா, நீங்கதானே முதல்ல எழுந்தீங்க? என்ன தோணுச்சு?"ன்னு கேட்டாள். பொய் சொல்லத் தெரியலை. "எம் பொண்ணை நினைச்சேம்மா"ன்னேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது எல்லார் போனிலும் ஓடுதாம். இப்போது எல்லாத் தியேட்டரிலும் அந்தக் காட்சிக்கு எழுந்து நிற்கிறார்களாம். படக் கம்பெனிக்காரர்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை என்று சித்தப்பா சொல்கிறார். ஆக, உன் வேலைக்கு ஒரு குறையும் வராது.

வேளைக்குச் சாப்பிடு. அரசரை மட்டும் கொஞ்சம் அளவாகச் சாப்பிடச் சொல். அம்மாவின் முத்தங்களும் என் ஆசிகளும்.

உன் அப்பா

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது பக்கத்துக் கடை போட்டோக்காரர் இன்றைய பேப்பரோடு வந்தார். எழுந்து நிற்கும் காட்சி என்று அதையே முழுப்பக்க விளம்பரமாகப் போட்டுவிட்டார்கள். புழுதி இல்லை, கொடி இல்லை. தூக்கிய கைக்குக் கீழே ஊக்கு கரண்டி அளவுக்கு மின்னுகிறது. சட்டுன்னு கட்டைவிரலால் அதை மறைச்சேன். அவரோ, "அண்ணே, அரசர் அக்குள்ல ஏதோ நகை போட்டிருக்காரே, அதே மாதிரி வெச்சு எனக்கு ஒரு சட்டை தைச்சுக் குடுங்க"ங்கிறார். அவருக்குப் பின்னால் வாசலில் இன்னும் நாலு பேர். வேலை போனால் அழாமல் கிளம்பி வா, இங்கே எனக்கு ஆள் பத்தலை. வரும்போது பெரிய ஊக்காகப் பார்த்து ஒரு பெட்டி வாங்கி வா.