உத்தரவுங்களா?

அன்று அந்த மாரியம்மன் கோயிலடியில் இருந்தவர்கள்: அம்மைத் தடுப்பூசி போடும் உத்தரவு சார், அவருக்கு உதவியாளாக மருந்து பிளாஸ்கைச் சுமந்த நான், பூசாரி, அவர் மகள், அவள் இடுப்புக் குழந்தையோடு சேர்த்துப் பதினோரு பிள்ளைகள், ஓர் ஆடு.

தும்முவதற்கும் அனுமதி கேட்ட மனிதர் உலகத்திலேயே உத்தரவு சார் ஒருவர்தான். திருப்பத்தூர் பஸ்ஸில் காலி சீட்டைப் பார்த்து, "உக்காரலாம்ங்களா?" என்பார். யாரும் பதில் சொல்லாவிட்டால் மலையடிவாரம் வரை நின்றுகொண்டே வருவார். ஓடையைத் தாண்டுமுன் தண்ணீரிடமும், "உத்தரவுங்களா?" எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு, இவரால் இந்த வேலையும் போய்விடுமோ என்று தினமும் பயம்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் பக்கத்து ஊர்வரை பெரியம்மை வந்துவிட்டது. பிளாஸ்கில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. ஐஸ் போனால் மருந்தும் போச்சு. தடுப்பூசிக்கு எங்கள் பக்கம் 'அம்மா குத்துவது' என்று பெயர். பதற்றத்தில் நான், "அம்மா குத்த வந்திருக்கோம்!" என்று கத்திவிட்டேன்.

பூசாரி தடியோடு வந்தார். "இன்னாய்யா, எங்க அம்மாவையே குத்த வந்தியா?"

"தப்புதாங்க," என்று சார் கைகூப்பினார். "அம்மாகிட்ட உத்தரவு கேக்கலாம்ங்களா?"

பூசாரியின் தடி இறங்கியது. முன்பு ஊசி குத்த வந்தவர்கள் பிள்ளைகளைத் துரத்திப் பிடித்தார்களே தவிர, யாரும் கேட்டதில்லை.

அம்மன் தலையில் பூ வைத்தார்கள். வலப்பக்கம் விழுந்தால் குத்தலாம். இடப்பக்கம் விழுந்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான். "பதினோரு பிள்ளைங்களும் நல்லா இருந்தா ஒன்னேகால் ரூபா காணிக்கை, தாயே" என்று சார் வேண்டிக்கொண்டார்.

பூ விழவில்லை. பிளாஸ்கைக் குலுக்கினேன். ஒரே ஒரு கட்டி கடகடத்தது.

"சார், லேசா ஊதி வுடட்டுமா?"

"உஸ்! அம்மாவுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

அப்போதுதான் ஆடு வந்து பூவைத் தின்றுவிட்டது.

எல்லோரும் பூசாரியைப் பார்த்தோம். மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அப்பா, ஆடு வலப்பக்கமாத்தான் வந்துச்சு."

பூசாரி ஆட்டைப் பார்த்தார்; பேரக்குழந்தையைப் பார்த்தார். "ஆமா, வலப்பக்கந்தான். குத்துய்யா!"

அது இடப்பக்கமாக வந்ததைக் கண்ணால் கண்டவன் நான். திறந்தது பிளாஸ்க் மூடியை மட்டும்தான்.

சார் ஆட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒவ்வொரு பிஞ்சுக் கையிடமும் உத்தரவு கேட்டுக் குத்தினார். மருந்து பிடித்ததற்கு அடையாளமாகப் பதினொன்றும் கொப்புளம் கட்டி ஆறின. அந்த ஊருக்குள் அம்மை வரவேயில்லை.

காணிக்கை செலுத்துமுன் சாருக்கு மாற்றல் வந்துவிட்டது. "போய்ட்டு வர்றேன், உத்தரவுங்களா?" என்று என்னிடமும் கேட்டார். உத்தரவு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் காணிக்கையை நானே கட்டிவிடலாம்தான். கட்டிவிட்டால் அவர் திரும்பி வரக் காரணமே இல்லாமல் போய்விடுமே. அம்மனுக்கு இன்னும் பாக்கி, ஒன்றேகால் ரூபாய்.