பீரோ ஒட்டிய கட்டைவிரல்

"அப்பா, இந்தம்மாவோட கட்டைவிரல் கோணலா இருக்கு."

"கல்லு அப்படித்தான் இருக்கும். நீ முகத்தை வரை."

"டீச்சர் முழுசா வரையணும்னு சொன்னாங்க. அந்த விரல் மட்டும் வேற கலரா இருக்குப்பா."

"மெதுவாப் பேசு, வாயாடி."

கூடம் முழுக்க ஏசி. அப்படியும் அவனுக்கு முதுகு நனைந்தது.

நாலாவது மாடிக்கு ஒற்றை ஆளாக இரும்பு பீரோவை ஏற்றிய நாளிலிருந்து அவனுக்கு பீரோ என்பதே பெயர். சுமை தூக்குகிறவன். பத்து நாளைக்கு முன்னால் இந்த அருங்காட்சியகத்தில் சிலைப் பெட்டிகளை இறக்கிய ஆறு பேரில் ஒருவன். அந்தப் பெருமையை மகள் வகுப்பு முழுக்கப் பரப்பியிருந்தாள். டீச்சர் ஒரு சிலையை வரைந்து வரச் சொன்னதும், எங்கப்பா தூக்கின சிலையைத்தான் வரைவேன் என்று ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்றைக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கொட்டிய வைக்கோலுக்குள் ஒரு கல் துண்டு கிடந்தது. அடி தடித்து, நுனி ஒடுங்கி, விரல் நீளத்துக்கு. பீரோ நிமிர்ந்து பார்த்தான். எதிரே நின்ற பெண் சிலையின் வலது கையில் கட்டைவிரல் இல்லை. படியேறும்போது தன் பக்கம் ஒருமுறை பெட்டி இடித்தது ஞாபகம் வந்தது.

"ஒரு கீறல் விழுந்தாலும் ஆறு பேருக்கும் இனிமே இங்க வேலை கிடையாது" என்று மேஸ்திரி அன்று காலையிலேயே சொல்லியிருந்தார். அருங்காட்சியகக் கிடங்கு முழுவதையும் புதுக் கட்டடத்துக்கு மாற்றப்போகிறார்கள். ஆறு குடும்பத்துக்கும் மூன்று மாதம் அடுப்பு எரியும் வேலை.

சுமை தூக்குகிறவன் இடுப்புப் பையில் எப்போதும் ஒரு பசை டியூப் இருக்கும். அலமாரிக் கைப்பிடியோ மேசைக் காலோ, வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் ஒட்டிவிட வேண்டும். முன்னாலேயே உடைந்திருந்ததா என்று எவரும் விசாரிக்க மாட்டார்கள். தூக்கினவன்தான் உடைத்தவன். மற்ற ஐந்து பேரும் டீ குடிக்கப் போன நேரத்தில் பீரோ காரியத்தை முடித்தான். அதற்கப்புறம் பத்து நாளாகச் சரியான தூக்கமில்லை.

"அப்பா, விரல் ஆடுது."

பார்த்தான். ஆடத்தான் செய்தது. மரத்துக்குப் பிடிக்கிற பசை கல்லுக்குப் பிடிக்கவில்லை. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். ஆனால் மூலையில், பூட்டிக் கிடந்த ராஜா சிலை ஹாலின் கதவருகே, ஸ்டூல் போட்டுக் காவல்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு ஒண்ணுக்கு வருதா?"

"வரலையே."

"தாகமாவது எடுக்குதா?"

"அது எடுக்குது."

"போ, அந்த ஆன்ட்டிகிட்டத் தண்ணி எங்கன்னு கேளு. கையோட கூட்டிட்டுப் போகச் சொல்லு."

இருவரும் வாசலைத் தாண்டியதும் பீரோ சிலையைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டினான். விரலை மெதுவாகத்தான் அழுத்தினான். ஆனால் அது பீரோ தூக்கின கை. டக்கென்று ஒரு சத்தம். கட்டைவிரல் அவன் உள்ளங்கையில் படுத்திருந்தது.

காலடிச் சத்தம் கேட்டது. விரலைச் சட்டைப் பைக்குள் போட்டான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் குதித்து, சிலையின் கையை மறைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் காவல்காரி.

"பார்க்கப் பார்க்கத் திகட்டலம்மா."

"அரை மணி நேரமா இதையேதான் பார்க்கிறீங்க. மத்தவங்க அரை நிமிஷத்துல போயிடுறாங்க. வீட்டுல அண்ணியை இப்படி ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா?"

"அவ ஒரு இடத்துல நின்னாத்தானே பார்க்க?"

காவல்காரி சிரித்துக்கொண்டே ஸ்டூலுக்குப் போனாள். தப்பித்தோம் என்று பீரோ மூச்சு விடுவதற்குள், வாசல் வழியாகப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் அட்டையும் பென்சிலுமாகத் திமுதிமுவென்று வந்தார்கள். பின்னால் ஓவிய மாஸ்டர், கழுத்தில் மப்ளருடன்.

"எல்லாரும் இந்தச் சிலைக்கு முன்னாடி உட்காருங்க. இன்னிக்கு நாம கை வரையப்போறோம். முகம் வேண்டாம், துணி மடிப்பு வேண்டாம். வலது கை மட்டும்."

பீரோவுக்குக் கண் இருட்டியது.

மாஸ்டர் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை வெளியே வைக்கச் சொல்லிக் காவல்காரி மல்லுக்கு நின்றாள். கிடைத்தது ஒரு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இடுப்புப் பையும் பசை டியூப்பும் வீட்டில். அவன் மகள் பக்கம் குனிந்தான்.

"வாயில என்ன?"

"பபிள்கம்."

"துப்பு."

"இனிப்பு இன்னும் போகலப்பா!"

"துப்புடி, வேற வாங்கித் தரேன்."

துப்பினாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எட்டி, பபிள்கம்மைச் சப்பென்று அப்பி, கல்லை ஒட்டவைத்தான். தள்ளி வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நுனி கையிலும் அடி வெளியிலுமாகத் தலைகீழாக ஒட்டியிருந்தான்.

அதற்குள் மாஸ்டர் திரும்பிவிட்டார். சிலையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கிட்டப் போனார். பீரோ மூச்சை நிறுத்திக்கொண்டான்.

"பிள்ளைங்களா, கவனிங்க! கட்டைவிரல் அடியில மெலிஞ்சு, நுனியில உருண்டு திரண்டிருக்கு. ஏன்? உழைச்ச கை! மாவு ஆட்டி, துணி கசக்கி வீங்கின விரல். அழகாச் செதுக்க அந்தச் சிற்பிக்குத் தெரியாதா? உண்மையைச் செதுக்கணும்னு நினைச்சான். அதுதான் கலை!"

பன்னிரண்டு பென்சிலும் வீங்கின கட்டைவிரலை வரைய ஆரம்பித்தன. கலையைப் பற்றி ஒன்றும் தெரியாத பீரோ பலமாகத் தலையாட்டினான்.

"அப்பா, முன்னாடி இப்படி இல்லையே. நான் அழிச்சிட்டு வரையணுமா?"

"அழி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் அழி. வா, வீட்டுக்குப் போலாம்."

கை பிடித்து இழுத்தான். பத்தடிகூடப் போயிருக்க மாட்டார்கள். பின்னால் டொக்கென்று ஒரு சத்தம். கட்டைவிரல் தரையில் விழுந்து உருண்டு, முன்வரிசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்த குண்டுப் பெண்ணின் மடியருகே நின்றது.

காவல்காரி ஒரே பாய்ச்சலில் அவள் தோளைப் பிடித்தாள். "தொடாதேன்னு போர்டு வச்சிருக்குல்ல? எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாதா?"

"நான் தொடவே இல்ல ஆன்ட்டி!"

"தொடாம தானா விழுமா?"

"உன்னை யாரு முன்னாடி உட்காரச் சொன்னது?" மாஸ்டர் கத்தினார். "கூப்பிடு உங்க அப்பாவை!"

அந்தப் பெண் ஓவென்று அழத் தொடங்கினாள்.

பீரோவுக்கு எதிரே கதவு திறந்தே இருந்தது. எட்டு எட்டு வைத்தால் வெளியே. பேரு தெரியாது, ஊரு தெரியாது, எவரும் தேடி வரப்போவதில்லை. மேஸ்திரியின் முகமும் மூன்று மாத வேலையும் கண்முன் வந்து நின்றன.

மகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக மெதுவாகப் பேசினாள்.

"அப்பா, அது என் பபிள்கம்."

பீரோ திரும்பி நடந்தான்.

"அந்தப் பிள்ளையை விடும்மா. நான்தான்."

"நீங்க என்ன நீங்க?"

"நான்தான் உடைச்சேன். இன்னிக்கு இல்ல, பத்து நாளைக்கு முன்னாடி."

காவல்காரி வாயைப் பிளந்தாள். பிறகு வயர்லெஸ்ஸில் யாரையோ கூப்பிட்டாள். ஐந்து நிமிடத்தில் அதிகாரி ஓடி வந்தார். தலைமுடியெல்லாம் கலைந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். பல நாள் சரியாகச் சாப்பிடாத முகம்.

"ஐயா, பெட்டியோட ஏறும்போது படியில இடிச்சுட்டேன்" என்றான் பீரோ. "வைக்கோல்ல விரல் கிடந்துச்சு. எடுத்து நானே ஒட்டிட்டேன். கூட வந்த அஞ்சு பேருக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது. என்னை மட்டும் நிறுத்திடுங்க. அவங்க வேலையில கை வச்சிடாதீங்க."

காவல்காரி நீட்டிய கல்லை அதிகாரி வாங்கினார். பபிள்கம்மைச் சுரண்டி எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"இதை எங்க ஒட்டியிருந்தே?"

"கட்டைவிரல் இருந்த இடத்துலதாங்க."

"பத்து நாளா?"

"ஆமாங்க."

அதிகாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்தப்பவே இந்தம்மாவுக்குக் கட்டைவிரல் கிடையாதுப்பா; இது நாங்க பத்து நாளா அந்த ஹாலைப் பூட்டிவச்சுத் தேடிக்கிட்டு இருக்கிற ராஜாவோட மூக்கு!"