புரட்டாசிச் சனியன்று ஓவனில் வைத்த மணிகள்

செய்யும் வேலையை மாமனாராகப் போகிறவரிடம் விளக்கிச் சொல்லும் நிலைமை எந்த ஆண்பிள்ளைக்கும் வரக்கூடாது. லாரி ஓட்டுகிறவன் "லாரி ஓட்டுறேன்" என்பான், முடிந்தது கதை. நான் காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கிறவன். (சிரிக்காதீர்கள். இதற்குச் சம்பளம் உண்டு. இ.பி.எஃப். கூடப் பிடிக்கிறார்கள்.)

மலேசியாவில் சுங்காய் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். முன்பு ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைத்த கொட்டகையில்தான் எங்கள் இயந்திரம் இருக்கிறது. பெரிய காற்றாடி காற்றை இழுக்கும். உள்ளே சவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள். அவற்றின் மேல் பூசிய மருந்து, கரியமில வாயுவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். மணிகள் நிரம்பியதும் பெட்டியை மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடாக்கினால், பிடித்ததை விட்டுவிடும். அதை உருளையில் அடைத்துக்கொண்டு, அதே மணிகளை மறுபடியும் வேலைக்கு அனுப்பலாம்.

ஷாமினியின் அப்பா சந்திரன் அங்கிளுக்கு இது சுத்தமாகப் பிடிபடவில்லை. தஞ்சோங் மாலிமில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். "காத்த புடிச்சு என்னா பண்றது? என் மகளும் காத்த குடிச்சுக்கிட்டு இருக்கவா?" என்று கேட்டிருக்கிறார். கடைசியில், "சனிக்கிழம வாரேன். என்னா வேலன்னு கண்ணால பாத்துட்டு, உண்டு இல்லன்னு சொல்லிடுறேன்" என்றார். நானும் ஷாமினியும் பல்கலைக்கழகத்திலிருந்தே ஒருவரையொருவர் விரும்பியவர்கள். எங்கள் தலையெழுத்து அந்தச் சனிக்கிழமையில் தொங்கியது.

அது புரட்டாசிச் சனிக்கிழமை. இடம், நான் தங்கியிருந்த ஈப்போ அக்கா வீடு. புரட்டாசி பிறந்தால் அக்கா ஃபிரிட்ஜையே குளிப்பாட்டிவிடுவாள். 'முட்டை' என்று சொன்னால்கூட வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வாள்.

மேலாளரிடம் கெஞ்சி ஒரு டப்பா மணிகளை வெள்ளிக்கிழமையே கொண்டுவந்து வைத்திருந்தேன். என் திட்டம் எளிமையானது. தீபாவளிப் பலகாரப் போத்தலுக்குள் வாயுவை அளக்கும் கருவியை வைப்பது, மணிகளைக் கொட்டுவது, மூடுவது. எண் மளமளவென்று இறங்கும். அங்கிள் வாயைப் பிளப்பார்.

அங்கிள், ஆன்ட்டி, ஷாமினி மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். கொட்டினேன், மூடினேன். எண் அசையவே இல்லை! போத்தலைக் குலுக்கினேன். கருவியைத் தட்டினேன். சமையலறைக்கு ஓடினேன்.

"அக்கா, இந்த டப்பாவத் தொறந்தியா?"

"சவ்வரிசின்னு நெனச்சேன் லா. பாயசத்துக்கு எடுக்கலாம்னு நேத்தே தொறந்தேன். வாடை ஒரு மாதிரி இருந்துச்சு. அப்படியே அடுப்புப் பக்கத்துல வெச்சுட்டேன்."

"மூடுனியா?"

"மூடியிலதான் ரசத்துக்குப் புளி ஊற வெச்சிருக்கேன்."

கடவுளே! நேற்றிலிருந்து கேஸ் அடுப்புப் பக்கத்தில் திறந்து கிடந்த மணிகள் வயிறுமுட்டக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கின்றன. இனி எங்கே பிடிக்கும்?

"பரவால்ல தம்பி," என்றார் அங்கிள், தேர்வில் தோற்றவனிடம் பேசுவது போல. ஷாமினி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அஞ்சே நிமிஷம் அங்கிள். சூடு பண்ணா சரியாயிடும்."

காற்றை எடுத்துவிட்டுத்தான் சூடாக்க வேண்டும் என்று அலுவலகச் சுவரில் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டியவனே நான்தான். அந்த அறிவாளிதான் மணிகளைக் கேக் தட்டில் பரப்பி, எண்கள் தேய்ந்துபோன அக்காவின் ஓவனில் வைத்து, குத்துமதிப்பாகத் திருகிவிட்டான்.

அந்த மருந்து காற்றோடு சேர்ந்து வெந்தால் கெட்டுப்போகும். கெட்டுப்போனால் நாறும். மீனுக்கு வாடை தருகிற சரக்கும் இதுவும் ஒரே குடும்பம். ஓவனிலிருந்து கிளம்பியது, திருக்கைக் கருவாட்டை எண்ணெயில் போட்டுப் புரட்டிய வாடை.

"அடப்பாவி! புரட்டாசி சனிக்கிழமையில கருவாடா?" அக்கா கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

"கருவாடு இல்லக்கா, கெமிக்கல்!"

"எனக்கென்ன மூக்கு அவிஞ்சா போச்சு?"

அக்காவின் வீட்டுக்காரர் காற்றாடியை முழு வேகத்தில் வைத்தார். (அதுவரை சாமி அறை ஒன்றுதான் தப்பித்திருந்தது.) வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் வேறு, "வாஹ், மாசாக் இக்கான் கெரிங் கா?" என்று, கருவாடா சமைக்கிறீர்கள் என ஆசையாக விசாரித்தார். கருவாடுதான் சமைக்கிறோம் என்று இரண்டு மொழிகளில் உறுதியாகிவிட்டது. ஆன்ட்டி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "போலாம்," என்றார். ஷாமினியின் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த ஓவனுக்குள்ளேயே தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது அங்கிள் தனியாகச் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அறைதான் விழப்போகிறது என்று கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"எங்க வெச்சிருக்கீங்க?" என்றார், மெதுவாக.

"எது அங்கிள்?"

"சும்மா இருங்க லா தம்பி. நான் கருவாட்டுக்குப் பேர்போன ஹுத்தான் மெலிந்தாங்ல பொறந்தவன், எங்கிட்டயேவா? நாக்கு செத்துப் போச்சு. ஒரே ஒரு துண்டு. ஆன்ட்டிக்குத் தெரிய வேணாம்."

மணி, மருந்து, சூடு, வாயு என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். கருகிப் பழுப்பேறிய மணிகளை எடுத்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே ஓவனுக்குள் எட்டிப் பார்த்தார். அலமாரியைத் திறந்தார். அரிசி வாளிக்குப் பின்னால் தேடினார். கிடைக்கவில்லை. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு வெளியே போய், "ஒக்காருங்க, சாப்புட்டே போலாம். பையன் ஓக்கே," என்று அறிவித்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

காரில் போகும்போது அவர் சொன்னதை ஷாமினி பிறகு சொன்னாள். "கையும் களவுமா மாட்டிக்கிட்டான். அப்பவும் அசராம கார்பன், காத்துன்னு என்னா கத விட்டான் பாத்தியா? கடைசி வரைக்கும் கருவாட்டக் காட்டிக் குடுக்கல. இவன் எங்க போனாலும் பொழச்சுக்குவான்!"

எங்கள் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அவரைக் கொட்டகைக்கே அழைத்துப் போய் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினேன். எண் அழகாக இறங்கியது. "நல்ல செட்டப்பு," என்று கண்ணடித்தார். சொந்தக்காரர்கள் கேட்டால், "மாப்பிள்ளைக்கு சுங்காய்ல கருவாடு பிசினஸ். வெளிய சொல்லிக்க மாட்டாரு," என்கிறார். அவர்களும் விலை விசாரிக்கிறார்கள்.

போன வருடம் பொறுமை இழந்து, புரட்டாசி முடிந்த கையோடு ஹுத்தான் மெலிந்தாங் போய், இருப்பதிலேயே உயர்ந்த திருக்கைக் கருவாட்டை வாங்கிவந்து பொரித்து அவர் முன் வைத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா அன்னிக்கு நீங்க ஒளிச்சு வெச்ச சரக்கு மாதிரி வராது லா."