ஆய்வில் உள்ள ஊர்

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முந்நீர்நாடு வெகுகாலம் ஒரே நாடாகத்தான் இருந்தது. மேலைக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் படகுகளைக் கீழைக்கடலுக்குக் கொண்டுபோவார்கள். கீழைக்கடல் கொந்தளித்தால் கிழக்கத்தியார் மேற்கே போவார்கள். யாரும் யாரையும் ஏனென்று கேட்டதில்லை.

இந்த ஒழுங்கின்மையைப் புதிய எல்லை அமைச்சர் பேரருளாளரால் பொறுக்க முடியவில்லை. நாட்டைக் கீழ்மண்டலம், மேல்மண்டலம் என்று பிரித்து நடுவே வேலி போட்டார். வேலியைத் தாண்டி மீன்பிடிக்கவோ, பெண் கொடுத்த வீட்டுக்குப் போகவோ அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் கடலே அடங்கிவிடும்.

தென்கோடியில் இருந்த கொம்புமுனைக்கு அமைச்சரே நேரில் வந்தார். மீன் விற்கும் சிந்தாத்திரைதான் அந்த ஊருக்குத் தலைவி.

"உங்கள் ஊர் கிழக்கா, மேற்கா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்."

"ரெண்டு பக்கமும் கடலுதானய்யா. வலை காயப்போடுறது கெழக்க, படகு தள்ளுறது மேக்க. எதச் சொல்லட்டும்?"

அமைச்சர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, 'ஆய்வில் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போனார்.

மறுமாதம், மேல்மண்டலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள் மகள் அமலிக்குப் பிரசவ வலி என்று சேதி வந்தது. சிந்தாத்திரை வேலி வாசலுக்கு ஓடினாள். கையில் சீட்டு இல்லை.

"எந்த மண்டலம்?" என்றார் காவலர்.

"நாங்க ஆய்வுல இருக்கோம்யா."

காவலர் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கீழ்மண்டலத்தாரைத் தடுக்கலாம், மேல்மண்டலத்தாரைத் தடுக்கலாம். ஆய்வில் உள்ளவரை என்ன செய்வது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"போங்கம்மா" என்றார்.

பேத்தியைக் கையில் வாங்கியபோது சிந்தாத்திரைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அமலியின் மாமியார் மெல்ல அருகில் வந்தாள்.

"அந்த ஆய்வு எங்க ஊருக்கும் கெடைக்குமா மயினி?"

கிடைத்தது. தாங்கள் கிழக்கா மேற்கா என்று தங்களுக்கே சந்தேகமாக இருப்பதாக ஊர் ஊராக மனு எழுதினார்கள். இரண்டே ஆண்டில் எல்லா ஊர்களும் ஆய்வுக்குள் வந்துவிட்டன. படகுகள் பழையபடி பருவம் பார்த்துப் போய்வந்தன.

தேர்தல் வந்தது. கொம்புமுனைக் கடற்கரையில் அமைச்சர் பேசினார்.

"நாட்டைப் பிரித்த பிறகு எந்த மண்டலத்திலிருந்தும் இப்போது ஒரு புகார்கூட வருவதில்லை. எல்லைச் சட்டம் மாபெரும் வெற்றி."

கூட்டம் விடாமல் கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் சிந்தாத்திரை. இந்த மனிதர் தோற்றுப்போனால், அடுத்து வருகிறவர் ஆய்வை முடித்துவிடுவாரே.