சீர்ப் பெட்டியில் ஒரு மிதி குறைகிறது

கோவில்பட்டி
ஐப்பசி 19

ஷார்ஜாவில் இருக்கும் மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணனுக்கு, உன் அத்தான் மாயகிருஷ்ணன் எழுதுவது. இங்கே உன் அக்கா சுந்தரம்மாள் சுகம். உன் மருமகள் இந்துஜா சுகம். ஆடுகள் ஒன்பதும் சுகம். நான் ஒருத்தன்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. அங்கே நீ சுகமாகத்தான் இருப்பாய் என்று தெரியும், ஆகவே கேட்கவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் உன் அக்கா அதைப் பிடுங்கி, "தம்பி, சாப்பிட்டியாடே?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். சரி என்று போன வாரம் பட்டறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் தொண்டை வறளத் திட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நீ அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "அத்தான், ஒங்க குரல் குருவி கத்துத மாதிரி இருக்கு" என்று பதில் போட்டாய். அதனால்தான் இந்த ரிஜிஸ்டர் தபால். இதை நீ எவ்வளவு வேகமாகப் படித்தாலும் என் கோபம் கோபமாகவேதான் இருக்கும்.

நம்ம வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. பிள்ளைக்கு ஒற்றைப்படை வயசில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மூன்று வயசில் குத்துவோம் என்றோம், கொரோனாவால் விமானம் ஓடவில்லை என்றாய். அன்றைக்கு யாருக்குமே ஓடவில்லை, விட்டுவிட்டேன். ஐந்து வயசில் லீவு இல்லை என்றாய். இப்போது ஏழு நடக்கிறது. மார்கழியில் எட்டு பிறந்துவிட்டால் அப்புறம் ஒன்பதுவரை காத்துக் கிடக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் அவள் ஒருத்திதான் மூளிக்காதோடு உட்கார்ந்திருக்கிறாள். உன் அக்காவின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் காதுச் சோணையில் ஒட்டிக்கொண்டு, தோடு என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகிறாள். வேர்த்தால் விழுந்துவிடுகிறது. இந்தத் தடவையாவது வருவாய் என்று பார்த்தால், நீ வரவில்லை, ஒரு பெட்டிதான் வந்தது.

தாய்மாமன் சீர் என்றால் நாலு பேர் முன்னால் பிரிக்க வேண்டுமே. நாகலாபுரத்திலிருந்து என் அக்கா சொர்ணத்தாயை வரச்சொல்லி, தாம்பாளம் எடுத்து வைத்து, பழம் வெற்றிலை எல்லாம் வைத்துப் பிரித்தால், உள்ளே டிவியில் மாட்டி ஆடுகிற ஒரு வீடியோ கேம் பெட்டி, அதோடு சேர்த்துத் தட்டுகிற ஒரு பிளாஸ்டிக் டிரம் செட்டு. தட்டுகிற வட்டம் நாலு, குச்சி இரண்டு. சொர்ணத்தாய்க்குக் கண் எங்கே போகும்? பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்தாள். "ஏலே மாயா, படத்துல காலால அமுக்குத மிதி ஒண்ணு இருக்கே, சாமான்ல காணோம். என்னலே, மாமன் சீரே குறையா வந்திருக்கு?" என்றாள். உடனே உன் அக்கா, "என் தம்பி குறையா அனுப்ப மாட்டான் மைனி. இந்த வீட்டுல வச்ச சாமான் வச்ச இடத்துல என்னைக்கு இருந்திருக்கு?" என்று என் பக்கம் திரும்பிவிட்டாள். பெட்டியைப் பிரித்தது நான், ஆகவே தொலைத்ததும் நான். எப்படி இருக்கிறது நியாயம்?

உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அத்தான், பக்கத்து ரூம்காரன் ஊருக்குப் போகும்போது குடுத்துட்டுப் போனது. மிதி ஒடஞ்சிருந்துது, தூரப் போட்டுட்டேன். நீங்க லாரிக்கே மிதி செய்யுதீங்க, இது விளையாட்டுச் சாமான். ஒங்களுக்கு அஞ்சு நிமிசம்." அஞ்சு நிமிசமாலே? பதினேழு நாள்! கயத்தாறு ரோட்டில் இருபது வருஷமாக லாரிப் பட்டறை வைத்திருக்கிறவன், பிரேக், கிளட்ச் என்று எத்தனை மிதி பார்த்தவன், ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்கு மிதி செய்ய முடியாமல் பதினேழு நாள் சீரழிந்தேன். ஆனாலும் என் பிள்ளைக்கு வந்த சீரைக் குறைச்சீராக விடக் கூடாது, சொர்ணத்தாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள் என்றுதான் இறங்கினேன்.

முதலில் பட்டறையில் கிடந்த லாரி கிளட்ச் மிதியை அறுத்து, இரும்புத் தகட்டில் வெல்டிங் வைத்து, லாரி பிரேக் ஸ்பிரிங் ஒன்றைக் கோத்தேன். கெட்டியாக இருக்கட்டும் என்று நினைத்தேன், அதுதான் நான் செய்த தப்பு. இந்துஜா இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றாள், அசையவே இல்லை. "ஏட்டி, தள்ளு" என்று நான் ஓங்கி மிதித்தேன். போன மிதி திரும்பி வந்த வேகத்தில் என் செருப்பு பறந்து ஃபேனில் பட்டு, ஃபேன் அதை டிவி பக்கம் அனுப்பி வைத்தது. டிவிக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் மாட்டியிருந்த உன் போட்டோ கண்ணாடிதான் உடைந்தது. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

அமுக்கினால் உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் சேர வேண்டும், மிதியின் சூட்சுமம் அவ்வளவுதான். சின்ன சுவிட்சுக்கு எங்கே போவது? வாசல் காலிங் பெல் சுவிட்சைக் கழற்றி மாட்டினேன். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மறுநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், பெல் இருந்த இடத்தில் இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தொடப் பயந்து திரும்பிப் போய்விட்டார். மூன்று நாள் உன் அக்கா வெளியே விறகு வைத்துச் சமைத்தாள். மூன்று நாளும் ரசம்தான். ஒவ்வொரு வேளையும் ஊற்றும்போது, "பெல்லு அடிச்சிருந்தா கொழம்பு இருந்திருக்கும்" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள்.

அப்புறம் கீல் சரியில்லை என்று ஆட்டுக் கொட்டில் கதவின் கீலைக் கழற்றினேன். கதவைக் கயிற்றால்தான் கட்டியிருந்தேன். ஆடு கயிற்றைத் தின்னும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு மறந்துபோனேன், உன்னால் மறந்துபோனேன். ஒன்பதும் போய் அடுத்த புஞ்சை இசக்கிமுருகனின் மக்காச்சோளத்தில் இறங்கிவிட்டன. அவர் கம்போடு வந்தார். வந்த நேரத்தில் இந்துஜா அந்த வீடியோ கேமை ஆடிக்கொண்டிருந்தாள். டிவியில் ஆரஞ்சுக் கோடு வரும்போதெல்லாம் மிதிக்க வேண்டும், மிதி விழவில்லை என்றால் டிவிக்குள் கச்சேரி பார்க்க வந்திருக்கும் வெள்ளைக்காரக் கூட்டம் ஊளையிடும், பாட்டு பாதியில் நின்றுவிடும். என் வீட்டு வரவேற்பறையில், என் மின்சாரத்தில், என் பிள்ளையைப் பார்த்து ஊளையிடுகிறார்கள் அந்தப் பயல்கள்! சண்டைக்கு வந்த இசக்கிமுருகன் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். தானும் நாலு தடவை மிதித்துப் பார்த்தார். அவருக்கும் ஊளை. "ஆடு மேஞ்சது கெடக்கட்டும் அண்ணாச்சி. ஸ்பிரிங்கு முரட்டு ஸ்பிரிங்கால்லா இருக்கு. இது பச்சப்புள்ள காலு, லாரி டிரைவர் காலு இல்ல" என்றார். அவர் சொன்னது சரி. என் தொழிலில் எனக்கு மக்காச்சோளம் போடுகிறவர் பாடம் நடத்தும்படி ஆக்கிவிட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரும்பை எல்லாம் தூர எறிந்தேன். ஒரு பலகை, ஆட்டுக் கொட்டில் கீல், ஸ்பிரிங்குக்குப் பதில் சைக்கிள் டியூப் ஒரு துண்டு, மேலே உன் அக்காவின் பழைய செருப்பு அடி, நடுவில் காலிங் பெல் சுவிட்ச். இந்துஜா ஒரு விரலால் தொட்டாலே 'டொம்' என்கிறது. நேற்றுச் சாயங்காலம் ஒரு பாட்டு முழுக்க அடித்து முடித்தாள். ஊளையிட்ட கூட்டமே கைதட்டியது. உன் அக்கா கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், பின்னே என்ன.

அப்போதுதான் இந்துஜா கேட்டாள். அடித்த அடியில் வேர்த்து, காதில் ஒட்டியிருந்த பொட்டு இரண்டும் கீழே விழுந்திருந்தன. குனிந்து தேடி எடுத்து, திரும்ப ஒட்டிக்கொண்டே, "யப்பா, மிதி வரலன்னதும் நீயே ஒண்ணு செஞ்சிட்டல்லா? மாமாவும் வரலையாம்லா. மாமாவுக்கும் ஒண்ணு செஞ்சிரேன்" என்றாள்.

நான் ஸ்பேனர் எடுக்கிற மாதிரிப் பட்டறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான், நீ வேறு மாதிரி நினைத்துக்கொள்ளாதே.

ஆகவே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். கார்த்திகை இருபத்தேழாம் தேதி குலதெய்வம் கோவிலில் காதுகுத்து. பசுவந்தனையில் உன் சித்தப்பா மகன் மணிகண்டபிரபு இருக்கிறான், அவனும் மாமன் முறைதான். அவன் மடியில் வைத்துக் குத்தப்போகிறோம். நீ வர வேண்டாம். டிக்கெட் பார்க்க வேண்டாம். மேனேஜரிடம் பல்லைக் காட்டி லீவு கேட்க வேண்டாம். அங்கேயே இருந்துகொள். இரண்டு வருஷம் கழித்து வந்து நின்றாலும் இந்த வீட்டு வாசல் கதவு உனக்குத் திறக்காது. உன் அக்கா திறக்கப் போனாலும் நான் விட மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பியில்லாமல் திரியாதே. எங்கே இருந்தாலும் குலதெய்வம் உன்னைக் காப்பாற்றட்டும், என்னிடமிருந்தும் சேர்த்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத அத்தான்,
மா. மாயகிருஷ்ணன்

பின்குறிப்பு: வாசலில் வந்து நின்று காலிங் பெல்லைத் தேடாதே, அது மிதிக்குள் இருக்கிறது. கதவைத் தட்டினாலும் இவள் அடிக்கிற அடியில் யாருக்கும் கேட்காது. ஜன்னல் பக்கம் வந்து "ஏட்டி இந்துஜா" என்று சத்தம் போடு, ஓடி வந்து திறப்பாள். மணிகண்டபிரபுவிடம் நான் இன்னும் பேசவில்லை. பேசவும் மாட்டேன். இருபத்தாறாம் தேதி பொழுது சாய்வதற்குள் வந்து சேர். வீட்டில் ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டைதான் மிச்சம்.