கபிலனின் முழங்கால்

"முதல்ல உட்காருங்க கபிலன்!"

தெம்பனிஸ் அலுவலகத்தில் அன்று காலை இப்படிச் சொன்ன நான்காவது ஆள், சக ஊழியர் சாகுல் ஹமீது. சொன்னதோடு நிற்காமல், அடியில் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி ஒன்றை உருட்டி வந்து கபிலனுக்குப் பின்னால் நிறுத்தினார். கபிலன் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

உட்கார முடியாததுதான் அவன் வியாதியே. குரோன்ஸ் என்ற குடல் அழற்சி ஆறு வருடமாக இருந்தது. அது போதாதென்று ஆசனவாய்க்குப் பக்கத்தில் பௌத்திரம் என்ற சீழ்த்துளை வேறு. மருந்துக்கும் மசியாமல், கத்திக்கும் மூடாமல் கசிந்துகொண்டே இருந்தது. கடைசியில் மருத்துவமனை ஒன்றில் ஆய்வுச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார்கள். யாரோ தானம் கொடுத்த கொழுப்பிலிருந்து வளர்த்த ஸ்டெம் செல்களை அந்த இடத்தைச் சுற்றி ஊசியாகப் போட்டார்கள்.

"மூடலாம், மூடாமலும் போகலாம். கொஞ்ச நாள் அங்க அழுத்தம் படாம பாத்துக்குங்க," என்றார் டாக்டர்.

இரண்டு வார விடுப்பு முடிந்து வந்த அன்று, முதலாளி லாசரஸ் எல்லார் முன்னாலும் கேட்டார். "ஸ்டெம் செல்லாமே! எங்க போட்டாங்க?"

கபிலனின் வாய் முந்திக்கொண்டது. "முட்டியில சார்." அதிலிருந்துதான் இந்த நாற்காலி உபசாரம்.

வீட்டில் இதைக் கேட்டு மனைவி நிரஞ்சனா தலையில் அடித்துக்கொண்டாள். "பொய்தான் சொன்னீங்க, அதுலயாவது கொஞ்சம் யோசிக்கக் கூடாதா? முட்டி வலிக்காரன் எவனாவது நாள் பூரா நிப்பானா?"

பொய்க்குப் பலம் சேர்க்க, சிராங்கூன் சாலையில் ஒரு முழங்கால் உறை வாங்கி, கால்சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டான். மறுநாள் வேலைக்குப் போக புக்கிட் பாத்தோக்கிலிருந்து கிளம்பி, வழியில் ரயில் மாறி ஏறியதும் மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். வேண்டாமென்று மறுத்துப் பார்த்தான். சீன அங்கிள் ஒருவர் விடவில்லை.

"சிட் லா, சிட்!" என்று தோளைப் பிடித்து அமுக்கினார்.

கபிலன் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் கண்ணில் நீர் வந்தது. அங்கிள் அதை நன்றிக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் தாங்காமல், தெம்பனிஸுக்கு முன்பே பிடோக்கில் இறங்கி, மிச்ச தூரத்தைப் பேருந்தில் நின்றபடியே கடந்தான்.

அன்றைக்கே ஒரு முடிவு கட்ட நினைத்தான். "ஸ்டெம் செல் போட்டா நிக்கணும் சார். நின்னாத்தான் ரத்த ஓட்டம். உட்கார்ந்தே வேலை பாக்கறதால வர்ற கேடு இருக்கே..." என்று லாசரஸிடம் வாய்க்கு வந்ததை அளந்தான்.

லாசரஸின் முகம் மலர்ந்தது. "அப்போ நிக்கறது எல்லாருக்குமே நல்லதுதானே?"

"ஆமா சார்," என்றான் கபிலன், எதில் தலையை விடுகிறோம் என்று தெரியாமல்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை. நெஞ்சுயர மேசைகள் வந்திருந்தன. சுவரில், முழங்கால் உறையோடு சிரிக்கும் கபிலனின் படம். அதன்கீழ் "நிற்போம், நிமிர்வோம்!"

"எனக்கும் முட்டி வலி லா, நிக்க முடியல கபிலன்!" என்று சாகுல் ஹமீது கண்கலங்கினார். பக்கத்து மேசை அஃப்ரீன் உட்காருவதற்காகவே கழிவறைக்குப் போக ஆரம்பித்தாள். போய்வந்து கபிலனை மட்டும் முறைத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு அவனை யாரும் கூப்பிடுவதில்லை.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மானம் போனால் போகட்டும் என்று முதலாளியின் அறைக்குள் நுழைந்தான்.

"சார், நாற்காலிங்களத் திருப்பிக் குடுத்துடுங்க. நான் சொன்னது பொய். ஊசி போட்டது முட்டியில இல்ல..."

"சொல்லாதீங்க!" லாசரஸ் பதறிக் கையை உயர்த்தினார். "எங்க போட்டாங்கன்னு எனக்குத் தெரியவே வேணாம். நாற்காலி வராது. போங்க."

மூன்றாம் மாதப் பரிசோதனையில் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். துளை மூடியிருந்தது. "இனி தாராளமா உட்காரலாம்."

கபிலன் வெளிக்கூடத்துக்கு வந்தான். முதல் காலி நாற்காலியில், ராஜா சிம்மாசனத்தில் அமர்வதுபோல் அமர்ந்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணி அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களுக்கும் அதேதானா? கூச்சப்படாதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு இப்பத்தான் உள்ள ஊசி போடறாங்க. லாசரஸ்னு பேரு, தெம்பனிஸ்ல கம்பெனி வச்சிருக்காரு. நாலு வருஷமா உட்காரவும் முடியாம, ஏன்னு வெளிய சொல்லவும் முடியாம துடிச்சாரு. நல்லவேளை, ஆபீஸ்ல எவனோ ஒரு புண்ணியவான் முட்டின்னு ஒரு பொய்யச் சொன்னானாம், அத வச்சே அத்தன நாற்காலியையும் தூக்கிட்டாரு!"