சிகிட் என்றால்

மருமகள் "சிகிட்" என்றாள். அதைச் சீக்கிரம் என்று எடுத்துக்கொண்ட ஐசாம்மாள், இன்னும் இரண்டு அகப்பை சோற்றை அவசரமாகக் கொட்டினாள். மருமகள் அழுதுகொண்டே எழுந்துபோனாள்.

மகன் சேகு, பினாங்கில் கட்டிய மலாய்க்காரி என்று அவளை மேலப்பாளையத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டான். பெண் இளைத்துப்போனால் அவனுக்கு யார் பதில் சொல்வது? பாளையங்கோட்டையிலிருந்து வக்கீல் குமாஸ்தா சத்தியநேசனை வரவழைத்தாள்.

சத்தியநேசன் மலாய் மொழியில் புலி என்று ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பியதும் அவன்தான். உண்மையில் பினாங்கில் இறங்கியதுமே காய்ச்சல் கண்டு அடுத்த கப்பலில் திரும்பியவன். கஞ்சி ஊற்றியவர்களிடம் கேட்ட ஒரே ஒரு சொல்தான் அவனுக்குத் தெரியும். நல்லவேளை, அதையே கேட்டாள் ஐசாம்மாள்.

"சிகிட்டுன்னா கொஞ்சம்னு அர்த்தம், மாமி."

ஐசாம்மாள் கொஞ்சமாக வைத்தாள். திரைக்குப் பின்னாலிருந்து மருமகளின் குரல் வந்தது: "சிகிட் லாகி."

"என்ன சொல்லுதா, தம்பி?"

சத்தியநேசன் குத்துமதிப்பாகச் சொன்னான். "இன்னும் குறைக்கணுமாம்."

பாதிச் சோறு சட்டிக்குத் திரும்பியது. "சிகிட் லாகி!" குரல் உயர்ந்தது.

"இன்னும் குறைக்கணுமாம்."

தட்டில் ஒரு கைப்பிடிகூட மிஞ்சவில்லை. ஐசாம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "குருவிகூட இதவிட நல்லாத் திங்கும். டவுண்ல ஒரு மரைக்காயர் இருக்காவ, மலாயாவுலயே பொறந்து வளந்தவுக. ஆள் அனுப்பிக் கூப்பிடுதேன்."

அவள் வாசலுக்குப் போனாள்.

"அண்ணே," என்றது திரை, சுத்தமான தமிழில். "லாகின்னா இன்னும் வேணும்னு அர்த்தம். பசி உயிர் போவுது."

"தாயி, நீ தமிழ் பேசுதியே..."

"பைய பேசுங்க. முதல்ல மரைக்காயர நிறுத்துங்க."

அவன் வாசலுக்கு ஓடினான். "மாமி, ஆள் அனுப்பாதீய. இப்பத்தான் பிடிபட்டுது. புள்ள நெறையக் கேக்குதா."

ஐசாம்மாள் முகம் மலர்ந்து சோறு வைத்தாள். மருமகள் சாப்பிடும் சத்தம் கேட்கக் கேட்க சத்தியநேசனுக்கு மூச்சு சீரானது. மாமியார் மீன்குழம்பு எடுக்க அடுக்களைக்குப் போனதும் மெல்லச் சொன்னான்.

"மரைக்காயர் வந்தா என் மானம்லா போயிருக்கும். என்னயக் காப்பாத்திட்ட, தாயி."

"உங்களையா? நான் நாகூரு, அண்ணே. மலாய்க்காரின்னா மாமியா வேலை ஏவ மாட்டாஹன்னு, என்னயக் கட்டுன மச்சான்தான் ரெண்டு வார்த்தை சொல்லிக்குடுத்து உட்டுட்டுப் போயிருக்காஹ."